பிளக் கழற்றும் கையும் பாராட்டும் வாயும்

ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவருக்கு அது ஓய்வுநாளின் இன்பம். மற்றவர் அதைச் செய்து முடிக்காவிட்டால் வீட்டிலிருக்கும் நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேரப்போவதில்லை. இருவர் கையும் ஒரே விதமாகத்தான் அசைகிறது. பிடிக்கும் ஸ்பனர் ஒன்று. கழற்றும் பொருள் ஒன்று. அப்படியானால் இரண்டும் ஒரே செயலா? முதலாமவரை மெச்சுகின்ற அதே சொற்களால் இரண்டாமவரையும் மெச்சலாமா?

நான் பேசப்போகும் வேலை மிகச் சிறியது. எஞ்சினிலுள்ள ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, துடைத்தோ மாற்றியோ மீண்டும் பூட்டுவது. விரல் நீளமுள்ள இந்தப் பொருளில் என்ன அறவியல் இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். தட்டுப்பாடு பற்றியும் அதில் பிறக்கும் பெருமை பற்றியும் நெடுநாளாக எனக்குள் இருந்த கேள்வி இந்தப் பொருளில் வந்துதான் ஒட்டிக்கொண்டது. திரியாயில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவன் என்பதால் அதற்கு ஒரு விடை சொல்லியாக வேண்டிய கட்டாயமும் எனக்கு இருக்கிறது.

*

என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர், சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டே இருக்கைகள் கொண்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார். அதன் நான்கு பிளக்குகளையும் வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே மாற்றிய கதையை ஒருநாள் தொலைபேசியில் எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொன்னார். கவிதை வாசித்துக் காட்டுகிறவரின் குரலில் சொன்னார்.

வேலை இதுதான். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினியத் தலையிலுள்ள மரை பிய்ந்து வந்துவிடக்கூடும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலுள்ள தூசியை முதலில் ஊதி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றிய மறுகணம் அது சிலிண்டருக்குள் விழும். வயர்கள் இடம் மாறாமலிருக்க ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். புதிய பிளக்கைப் பூட்டும்போது ஸ்பனரை எடுத்துவிடக்கூடாது. விரலால் மட்டும் சுற்ற வேண்டும். மரை நேராகப் பிடித்தால் அது எதிர்ப்பின்றி உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் விரல் உடனே உணரும். ஸ்பனர் உணராது, அது தன் பலத்தால் மரையை அறுத்துக்கொண்டு போய்விடும். கையால் முட்டுமட்டும் இறுக்கிய பிறகுதான் ஸ்பனர். வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குள் நிறுத்திவிட வேண்டும்.

கழற்றியெடுத்த பழைய பிளக்கை வாசிப்பது தனிக்கலை. பரிசாரியார் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போல, அதன் முனையைப் பார்த்து எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லலாம். இளம் மண்ணிறமோ சாம்பல் நிறமோ இருந்தால் சுகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம், காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் 1500 தடவை பொறி விடுகிறது. ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த அந்த இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ற்று மின்சாரம் ஒவ்வொரு முறையும் தாண்ட வேண்டும். பயணம் முழுவதும் இந்தத் தாண்டலில்தான் தங்கியிருக்கிறது என்பதைக் காரோட்டுகிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

என் நண்பரின் கார் இலகுவானது. பிளக்குகள் எஞ்சினின் மேலே வரிசையாக இருக்கின்றன. போர்ஷே 911 வைத்திருப்பவரின் பாடு வேறு. அதன் எஞ்சின் பின்புறத்தில் தாழக் கிடக்கிறது; சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. 1989இல் வந்த 964 என்ற வகையில் ஆறு சிலிண்டர்களுக்குப் பன்னிரண்டு பிளக்குகள். கீழ்வரிசையை எட்டுவதற்குக் காரை உயர்த்தி அடியில் புகவேண்டும். பணம் கொடுத்து இதைச் செய்விக்க வசதியுள்ள மனிதர்கள் முழங்கையைத் தோல் உரித்துக்கொண்டு தாங்களே செய்கிறார்கள்.

இதை வசதிபடைத்தவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தான் தங்கியிருக்கும் ஒரு பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவது நல்ல விருப்பம். அமெரிக்கரான ரொபர்ட் பேர்சிக் 1974இல் வெளியிட்ட, மோட்டார் சைக்கிள் பராமரிப்பைத் தலைப்பிலேயே கொண்ட நூல் இதையே பேசுகிறது. நீண்ட பயணமொன்றில் ஒருவர் தன் சைக்கிளைத் தானே கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டு போகிறார்; கூட வரும் நண்பரோ தன் வண்டியின் உள்விடயத்தில் கைவைக்கவே விரும்பாதவர். கவனம் என்பதே ஓர் ஒழுக்கம் என்பது அந்த நூல் எனக்குத் தந்த பாடம். ஆனால் அந்த இருவருமே விடுமுறையில் போகிறவர்கள். வழியில் பெற்றோல் கிடைக்குமா என்ற கேள்வி அவர்களுடைய தத்துவத்துக்குள் வரவில்லை.

*

இனி மற்ற மனிதரிடம் வருகிறேன். அவர் என் நண்பரின் வாப்பா.

யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவுக்கு அண்மையில் அவருக்கு ஒரு சிறிய கராஜ் இருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருட்கள் போவதற்குத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட காலம் அது. மண்ணெண்ணெய் மாத்திரம் மட்டுப்பட்ட அளவில், நெருப்பு விலையில் கிடைத்தது. ஆகவே ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சினை முதலில் எழுப்புவதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். சிறு போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலை காபுரேற்றரில் சொட்டுவிட்டோ, பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் விட்டோ ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். பழைய கார்களின் அழுத்த விகிதம் 7க்கு 1 அளவில் இருந்ததால் அவை இதைச் சகித்துக்கொண்டன. அப்படியும் எஞ்சின் இடிக்கும். புகை கண்ணைக் கரிக்கும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகிப் பிளக்கின் வெண்பீங்கானில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே ஒழுகிவிடும். வண்டி நின்றுவிடும். இறங்கி, பிளக்கைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, பூட்டி, மறுபடி பெற்றோல் சொட்டுவிட்டு எழுப்ப வேண்டும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒவ்வொரு மைலுக்கும் எஞ்சின் தன் ஆயுளைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுவது புதுமையல்ல. 1950களில் பிரித்தானிய விவசாயிகளின் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் உழுதது. அது விலை மலிவு என்பதால் விரும்பித் தெரிந்தெடுத்த வழி. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்களே அதற்கேற்ற அழுத்தத்தையும் சூட்டையும் கணக்கிட்டு வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கராஜ்காரருக்கு அப்படி யாரும் கணக்கிட்டுக் கொடுக்கவில்லை. மறுத்து இறங்கும் எஞ்சினை அவர் தன் காதையும் விரலையும் கொண்டு சம்மதிக்க வைத்தார்.

குடாநாட்டில் 1996க்குப் பின் நிலைமை படிப்படியாக மாறியது. வன்னியில் தடை 2002 ஜனவரி வரை நீடித்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அங்கே பழைய வித்தைகள் திரும்பவும் தேவைப்பட்டன.

*

இந்தக் காலத்தை நினைவுகூரும் பேச்சுக்களையும் எழுத்துக்களையும் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், வாசித்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பெருமித ஓசை இருக்கும். பெற்றோலைத் தடுத்தார்கள், நம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பற்றரியைத் தடுத்தார்கள், டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். மனிதனின் அறிவை எவராலும் தடைசெய்ய முடியாது என்று அந்தப் பேச்சு முடியும்.

இந்தப் பெருமிதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறுப்பது அந்த மனிதர்களின் கையை மறுப்பதாகும். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. தடை விதித்தவரும் இதே வாக்கியத்தைச் சொல்லலாம். “அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்களே” என்று அவரும் தலையசைக்கலாம். பாதிக்கப்பட்டவரின் திறமையைப் பற்றிய புகழுரை, பாதிப்பின் எடையைக் குறைக்கும் கல்லாகத் தராசில் விழுந்துவிடுகிறது.

கியூபாவைப் பாருங்கள். 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத்தடையின் பின் அந்நாட்டில் 1950களின் அமெரிக்கக் கார்கள் பல தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் ரஷ்யக் காரின் பாகத்தைப் பொருத்தி, அதுவும் இல்லாவிட்டால் தாங்களே கடைந்து பொருத்தி ஓட்டுகிறார்கள். ஹவானாவுக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகள் அந்தக் கார்களில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் வர்ணம் அழகாக விழுகிறது. பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் குனிந்து நிற்பவர், தனக்குத் தெரிவு இருந்திருந்தால் எழுபது வருடப் பழைய காரைத் தெரிந்திருப்பாரா என்று எவரும் கேட்பதில்லை.

நண்பரின் வாப்பாவுக்கு மண்ணெண்ணெய்க் காலம் நான்கே மாதங்கள்தான். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் ஏனைய பகுதிகளையும் சேர்த்தால் அந்த மாதத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர் கராஜின் வேலைமேசையில், வாடிக்கையாளர் ஒருவரின் காரிலிருந்து கழற்றித் தேய்த்து வைத்த நான்கு பிளக்குகள் இருந்தன. மறுநாள் காலை பூட்டிக் கொடுப்பதாக வாக்கு. புத்தளத்தில் ஓலைக்குடிசைக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த வாக்கு அவரை விடவில்லை என்று நண்பர் சொல்வார். ஒருமுறை கலியாண வீடொன்றில் யாரோ யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சாதுரியத்தைச் சிலாகித்துப் பேச, எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்களாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அந்த மனிசண்ட நாலு பிளக்கும் மேசையிலதான் கிடந்திச்சு. ஆர் பூட்டினாங்களோ தெரியா.”

இந்த ஒரு வாக்கியத்தில் பெருமிதக் கதையின் இரண்டு ஓட்டைகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, அந்தச் சாதுரியத்தின் வரலாற்றை எழுதும்போது ‘நாம்’ என்ற சொல்லுக்குள் அவர் இல்லாமற் போனது. தடையை எதிர்த்து மண்ணெண்ணெயோடு மல்லாடிய அதே மாதங்களில், அந்த மல்லாட்டத்தில் பங்கெடுத்த ஒரு சமூகமே தெருவில் இறக்கப்பட்டது. மற்றது இன்னும் ஆழமானது. எந்த எஞ்சினையும் எழுப்பத் தெரிந்த மனிதர், எழுப்பிய எஞ்சினை விட்டுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டியிருந்தது. அவருடைய திறமை அவரைக் காப்பாற்றவில்லை. கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது உரிமைக்குப் பதிலாகாது.

*

அப்படியானால் நிர்ப்பந்தத்தில் செய்த வேலைக்கு மதிப்பில்லையா? வேறு வழியில்லாமல் செய்ததை அறம் என்று சொல்லக்கூடாது, சுதந்திரமாகத் தெரிந்து செய்வதே அறம் என்று ஒருவர் வாதிடலாம். அதன்படி முற்றத்தில் தன் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பிளக் மாற்றுகிற மகன் தூய செயல் புரிகிறவர். இருட்டில் லாம்பு வைத்துப் பிளக் தேய்த்த தகப்பன் வெறும் நிர்ப்பந்தத்தின் கருவி. இந்த முடிவை என் மனம் ஏற்கவில்லை.

ஏனென்றால் நிர்ப்பந்தம் அவரை வேலைசெய்ய வைத்தது. நன்றாகச் செய்ய வைத்தது நிர்ப்பந்தம் அல்ல. அரைகுறையாகத் தேய்த்துக் கொடுத்தாலும் வண்டி கராஜ் வாசலைத் தாண்டியிருக்கும். பிளக் பூட்டிய பிறகு அதன் உள்முனையை எவரும் பார்க்கப்போவதில்லை. அங்கே செய்த வேலையின் சாட்சி அவரும் படைத்தவனும்தான். இடைவெளியைச் சரியாக வைத்ததும், மரை நேராகப் பிடிக்கும்வரை விரலால் சுற்றியதும், அவர் தாமாகத் தெரிந்துகொண்டவை. தட்டுப்பாடு அவருடைய தெரிவுகளை ஒடுக்கியது; முற்றாக அழிக்கவில்லை. மிஞ்சிய அந்தச் சிறு இடத்தில் அவர் சுதந்திரமான மனிதராகவே நின்றார். மகனிடம் அந்த இடம் விசாலமாக இருக்கிறது. மரை போனால் அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் வண்டியை இழுத்துச் செல்ல ஆள் பிடிக்கலாம். ஆனால் இருவரும் செய்யும் நல்ல வேலை ஒரே ஊற்றிலிருந்தே வருகிறது.

ஆகவே வேறுபாடு வேலையில் இல்லை, அதைப் பாராட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது. நமக்குப் பழக்கமான ஒரு சொல்லால் இதை விளக்கலாம். ஸப்ர் என்ற பொறுமையை நாம் உயர்வாக மதிக்கிறோம். துன்பப்படுகிறவர் தன் நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்ளும்போது அது அவரைத் தாங்கும் தூண். துன்பத்தைக் கொடுத்தவரோ, தடுக்கக்கூடியவராக இருந்தும் தடுக்காதவரோ அதே சொல்லை உபதேசமாகச் சொல்லும்போது அது அநியாயத்தின் மேல் போர்த்தும் துணி. கைத்திறனும் அப்படித்தான். “நான் மண்ணெண்ணெயில் ஓட்டினேன்” என்று அவர் சொல்லட்டும். அது அவருடைய சொத்து. நாம் அதைச் சொல்வதானால், ஏன் ஓட்ட நேர்ந்தது, யாருடைய கட்டளையால், என்ன விலை கொடுத்து என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பாதியைச் சொல்லும் புகழ் பொய்யோடு சேர்ந்தது.

*

பழைய கதை என்று இதை மூடிவைக்க 2022 விடவில்லை. அந்த ஜூன் மாதக் கடைசியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாள் நடந்தன. புல்மோட்டை வீதியில் போய்வரும் ஆசிரியர்களான நாங்கள் அந்த 4 லீற்றரை எண்ணி எண்ணி ஓடினோம். வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் போத்தலில் கள்ளமாக வாங்கினார்கள். அதில் பாதி மண்ணெண்ணெய் கலந்திருக்கும். வண்டிகள் இருமத் தொடங்கின. பாடசாலை வேப்பமரத்தடியில் இடைவேளை நேரத்தில் நான் சக ஆசிரியர்களின் சைக்கிள் பிளக்குகளைக் கழற்றிக் கரி தேய்த்துக் கொடுத்தேன். நண்பரின் வாப்பா விவரித்த அதே கரி. முப்பது வருடங்களுக்குப் பிறகு, போரில்லாத காலத்தில்.

மண்ணெண்ணெயும் அந்நாட்களில் சும்மா கிடக்கவில்லை. குச்சவெளிக் கரையில் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் அதைக் குடித்துத்தான் கடலுக்குப் போகின்றன. அது கிடைக்காமல் படகுகள் மணலில் கிடந்தன. ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிக்கொண்டே போயின. அந்த வேளையில் மக்கள் மிதிவண்டிக்குத் திரும்பியதையும் விறகடுப்புக்குத் திரும்பியதையும் புகழ்ந்து மேடையில் பேசியவர்களைக் கேட்டேன். உடற்பயிற்சியாகவும் இருக்கும் என்றார் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்தவர்கள்.

வேப்பமரத்தடியில் நான் பிளக் தேய்ப்பதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். போர்க்காலத்தில் பெற்றோர் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து கட்டிய வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். இல்லாமையைப் பற்றி அவர்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒருவன் கேட்டான்: “சேர், பெற்றோல் ஒழுங்கா வந்தா இதெல்லாம் ஏன் பழகோணும்?”

அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன விடையை இன்றும் மாற்றவில்லை. பெற்றோல் வருகிறபோது பழகுவதுதான் உண்மையில் பழகுவது. தட்டுப்பாட்டில் கற்பவன் பயத்தோடு கற்கிறான். அவனுக்கு அந்த வண்டியை அன்றைக்கு ஓட்டிவிட்டால் போதும். ஏன் கரி பிடிக்கிறது என்று யோசிக்க அவகாசமில்லை. நிறைவு உள்ள காலத்தில் கற்பவனுக்கு ஏன் என்று கேட்க நேரமிருக்கிறது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கைவேலையை இல்லாமை வந்த பிறகுதான் காட்டுகிறது என்றால், அந்த வேலையின் மீது வெறுப்பையும் சேர்த்தே காட்டுகிறது. நம் வீடுகளில் படித்த பிள்ளை கையில் ஒயில் படக்கூடாது என்ற எண்ணம் இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கைவேலை நமக்கு ஏழ்மையின் ஞாபகமாகிவிட்டது.

எல்லோரும் தாமே செய்துகொண்டால் கராஜ்காரர் எப்படிப் பிழைப்பார் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிந்திருப்பது வேறு, ஒவ்வொரு தடவையும் தானே செய்வது வேறு. பிளக்கின் நிறம் தெரிந்தவர் கராஜுக்குப் போகும்போது அங்கே இருப்பவரின் உழைப்பின் பெறுமதியும் தெரிந்தே போகிறார். நல்ல வேலைக்கு மனம்கொண்டு கூலி கொடுப்பார். ஏமாற்று வேலையைக் கேள்வி கேட்பார். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர் நல்ல மெக்கானிக்கையும் கள்ள மெக்கானிக்கையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார். அதனால் நட்டப்படுபவர் நல்லவர்தான்.

*

இன்னும் சில காலத்தில் இந்த வேலையே இல்லாமற் போகலாம். புதிய இரிடியம் பிளக்குகள் பல காரில் ஒரு லட்சம் கிலோமீற்றர் வரை தாங்குகின்றன. மின்சாரக் காரில் பிளக்கே இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு அத்தகைய கார்கள் திருகோணமலை வீதிகளிலும் தென்படத் தொடங்கிவிட்டன. அவற்றின் உள்ளே எதுவும் பழுதானால் முற்றத்தில் வைத்துத் திறந்து பார்க்கப் பெரும்பாலும் இடமில்லை. பழுதைச் சொல்வதற்கே கம்பனியின் கணினி வேண்டும். நாளைக்கு ஒரு தடை வந்தால், அரத்தாளோடு குனிந்து நிற்கக்கூட நமக்கு ஓர் இடம் இருக்குமா என்பது யோசிக்க வேண்டிய விடயம். திருத்திக்கொள்ளும் உரிமை என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டம் கேட்டுப் போராடுகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். கைத்திறன் உரிமைக்குப் பதிலாகாது என்று மேலே எழுதினேன். கைத்திறனைப் பயன்படுத்துவதற்கும் உரிமை வேண்டியிருக்கிறது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பிளக் மறைந்தாலும் நான் பிள்ளைகளிடம் சொல்ல விரும்பும் இரண்டு விடயங்கள் மறையா. உன் கையால் முடியும், பார்த்துப் பழகு என்பது ஒன்று. உன்னால் முடிகிறது என்பதற்காக உனக்கு மறுக்கப்பட்டதை மறுக்கப்படவில்லை என்று ஆக்கிவிடாதே என்பது மற்றது. முதலாவதை மட்டும் சொல்லி வளர்த்தால் எந்த அநியாயத்தையும் சமாளித்துக்கொண்டு போகிற கெட்டிக்காரர்கள் வருவார்கள். இரண்டாவதை மட்டும் சொல்லி வளர்த்தால் முறைப்பாடு எழுத மட்டும் தெரிந்தவர்கள் வருவார்கள். இரண்டையும் ஒருங்கே சொல்வது கடினம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம்தான்.

இந்தத் தவணையில் தொழினுட்பத் திறன்கள் பாடவேளையில் பழைய பிளக் ஒன்றைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கிறேன். கரி படிந்த முனையை முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். எப்படித் துடைப்பது என்று காட்டிய பிறகு, இதில் கரி ஏன் படிந்தது என்று கேட்கிறேன். எரிபொருளின் கலவை பற்றிச் சொல்கிறார்கள்; சரிதான். அந்த எரிபொருளை ஏன் ஊற்ற நேர்ந்தது என்று அடுத்ததாகக் கேட்கிறேன். அதற்கு விடைசொல்ல அவர்கள் வீட்டுக்குப் போய் வாப்பாவிடமும் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.